முன் கண்ணாடியில ஒரு சில்லு

டொக்.

சத்தம் அவ்வளவுதான். திருநின்றவூர்ல இருந்து அம்பத்தூருக்கு ஆணி புடுங்கப் போற வழியில, சி.டி.எச். ரோட்டுல, முன்னாடி போன டிப்பர் பக்கமா இருந்து ஒரு ஜல்லி கிளம்பி வந்து என் காரோட முன் கண்ணாடியைத் தொட்டுட்டுப் போயிடுச்சு. ஓரமா நிறுத்திப் பார்த்தா, பொட்டு அளவுக்கு ஒரு சில்லு பேர்ந்திருக்கு. அதைச் சுத்தி நட்சத்திரம் மாதிரி நாலு கீறல். பதினாலு மாசத்துல இது மூணாவது மக்களே, மூணாவது!

அன்னிக்கு சாயங்காலமே தீர்ப்பு எல்லாம் வந்து குவிஞ்சுது.

மெக்கானிக் அண்ணன்: "இப்ப வர்ற கண்ணாடி எல்லாம் அப்பளம் சார்."

மேல் வீட்டு சார்: "வெயில்ல நிறுத்திட்டு உடனே ஏசி போடுறீங்க இல்ல, அதான்."

ஆபீஸ் நண்பன்: "மச்சி, புது மாடல் கண்ணாடி எல்லாம் சாய்வா பெருசா இருக்கு. கல்லுக்கு நல்ல டார்கெட்."

அம்மா: "கண்ணு பட்டிருக்குடா. ஒரு எலுமிச்சம்பழம் கட்டு."

கடைசியா அப்பா: "அந்தக் காலத்து வண்டியில எல்லாம் இப்படி சும்மா சும்மா சில்லு தெறிக்காதுப்பா."

நாம பொட்டி தட்டுற ஆளு. ஒரு பக் வந்தா முதல்ல அது நிஜமாவே பக் தானான்னு பார்க்கணும், அப்புறம்தான் யார் தலையில கட்டலாம்னு யோசிக்கணும் :-) அப்படித் தேட ஆரம்பிச்சது ரெண்டு வாரம் இழுத்துடுச்சு. தேடினதுல கிடைச்சது என் கார் கதையை விட சுவாரசியமா இருந்ததால இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கோங்க.

ஒரு ஊருக்கே கண்ணாடி பேர்ந்த கதை

முதல்ல அமெரிக்கா வரைக்கும் ஒரு கொசுவத்தி சுத்திட்டு வந்துடலாம். ஏன்னா "கார் கண்ணாடி எல்லாம் திடீர்னு சில்லு தெறிக்குது"ன்னு ஒரு பிராந்தியமே அலறின சம்பவம் அங்கதான் நடந்திருக்கு.

வருஷம் 1954. வாஷிங்டன் மாநிலத்துல பெல்லிங்ஹாம்னு ஒரு ஊர். மார்ச் மாசக் கடைசியில அங்க சில பேர் கார் கண்ணாடியில சின்னச் சின்ன குழிகளைப் பார்க்குறாங்க. யாரோ பசங்க விளையாட்டுத் துப்பாக்கியால சுடுறாங்கன்னு போலீஸ் நினைக்குது. ஆனா பக்கத்து ஊர், அதுக்குப் பக்கத்து ஊர்னு புகார் தெற்கே நகர்ந்துகிட்டே வருது. ஏப்ரல் 14 ராத்திரி சியாட்டில் நகரத்துக்கே வந்துடுச்சு. சுமார் 3000 வண்டிகள் பாதிக்கப்பட்டதா புகார். மறுநாள் நகர மேயர், மாநில கவர்னருக்கும் ஜனாதிபதி ஐசனோவருக்கும் தந்தி அடிச்சு உதவி கேக்குற அளவுக்குப் போயிடுச்சு!

காரணங்களுக்கா பஞ்சம்? அதே வருஷம் மார்ச் 1-ம் தேதிதான் பசிபிக் தீவுல அமெரிக்கா பெரிய ஹைட்ரஜன் குண்டு சோதனை நடத்தியிருந்துச்சு. அதோட சாம்பல்தான்னு ஒரு கட்சி. கடற்படையோட புது ரேடியோ நிலையம் கண்ணாடியை அதிர வைக்குதுன்னு இன்னொரு கட்சி. காஸ்மிக் கதிர்னு ஒரு கட்சி. மணல் பூச்சி கண்ணாடிக்குள்ள முட்டை போடுதுன்னு கூட ஒரு கட்சி இருந்துச்சு. (எலுமிச்சம்பழம் கட்டச் சொன்ன எங்கம்மா எவ்வளவோ தேவலாம்.)

ரெண்டு மூணு நாள்ல புகார் எல்லாம் தானா அடங்கிடுச்சு. சியாட்டில் போலீஸ் ஆய்வகம் சொன்ன கணக்கு: இதுல 5 சதவீதம் போக்கிரித்தனம், 95 சதவீதம் மக்கள் பீதி. 1958-ல மெடாலியா, லார்சன்னு ரெண்டு சமூகவியலாளர்கள் இதைப் பத்தி ஆய்வுக் கட்டுரையே எழுதினாங்க. விஷயம் ரொம்ப சிம்பிள். அந்தக் குழிகள் எல்லாம் முன்னாடியே இருந்தவை. ரோட்டுல ஓடின எல்லா வண்டியிலயும் இருந்தவை. பழைய வண்டியில அதிகம், புது வண்டியில கம்மி. அதுவரைக்கும் எல்லாரும் கண்ணாடி வழியா ரோட்டைப் பார்த்தாங்க. செய்தி வந்ததும் முதல் தடவையா கண்ணாடியையே பார்த்தாங்க.

இதைப் படிச்சதும் எனக்குக் கை பரபரன்னுச்சு. அன்னிக்கு ராத்திரியே செல்போன் டார்ச்சைப் போட்டுகிட்டு எங்க தெருவுல நிக்கிற கார் கண்ணாடியை எல்லாம் ஒண்ணொண்ணா பார்த்தேன். (மூணாவது வீட்டுக்காரர் திருடன்னு நினைச்சு கட்டையோட வந்துட்டார். அது தனிப் பதிவு.) பாதிக்கு மேல வண்டியில குறைஞ்சது ஒரு குத்தாவது இருந்துச்சு. மறுநாள் கேட்டா பல பேருக்கு அது இருக்குறதே தெரியலை. பழைய வண்டியில அதிகமா இருந்ததும் சியாட்டில் கதையேதான்.

ஆக, பாதி விடை கிடைச்சாச்சு. என் கார் ஒண்ணும் சபிக்கப்பட்ட கார் இல்லை. ஆனா மீதிப் பாதி? மூணு தடவையும் 'டொக்' சத்தத்தை என் காதால கேட்டேனே, அது பீதி இல்லையே. அப்பா சொன்ன அந்தக் காலத்து வண்டி விவகாரமும் பாக்கி இருக்கு. அதுக்குக் கண்ணாடியோட கதைக்கே போகணும்.

ரெண்டு கண்ணாடி, ரெண்டு குணம்

முதன்முதல்ல கார்ல வெச்சது வீட்டு ஜன்னல்ல போடுற மாதிரி சாதாக் கண்ணாடிதான். விபத்துன்னா அது கத்தி கத்தியா உடையும். வண்டி மோதி செத்தவங்களை விட கண்ணாடி கிழிச்சுக் காயப்பட்டவங்க கதைதான் அப்ப பயங்கரமா இருந்திருக்கு.

1903-ல எடுவார் பெனடிக்டஸ்னு ஒரு பிரெஞ்சு வேதியியலாளர், ஆய்வுக்கூடத்துல ஒரு கண்ணாடிக் குடுவையைக் கீழ போட்டுட்டாராம். அது நொறுங்கியும் சிதறலை. உள்ள இருந்த செல்லுலோஸ் நைட்ரேட் கரைசல் காஞ்சுபோய், சவ்வு மாதிரி ஒட்டிகிட்டு துண்டுகளைப் பிடிச்சு வெச்சிருந்துச்சு. இதை வெச்சு, ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல செல்லுலாய்ட் படலத்தை வெச்சு ஒட்டி 1909-ல காப்புரிமை வாங்கினார். மூணு அடுக்கு, அதனால பேரு 'டிரிப்ளெக்ஸ்'. முதல் உலகப்போர்ல விஷவாயு முகமூடிகளோட கண்ணுக்கு இதைத்தான் வெச்சாங்க. 1920-களோட கடைசியில ஃபோர்டு கம்பெனி தன்னோட 'மாடல் ஏ' கார்ல முன் கண்ணாடிக்கு இந்த ஒட்டுக் கண்ணாடியையே போட ஆரம்பிச்சுது.

செல்லுலாய்டுக்கு ஒரு வியாதி. வெயில் பட்டா மஞ்சளாயிடும். 1930-கள்ல பிவிபி (பாலிவினைல் பியூட்டிரால்)னு ஒரு பிளாஸ்டிக் வந்து அந்த இடத்தைப் பிடிச்சுது. இன்னிக்கும் நம்ம வண்டிகள்ல இருக்குறது அதுதான். ரெண்டு பக்கமும் சுமார் 2 மி.மீ. கண்ணாடி, நடுவுல 0.76 மி.மீ. பிவிபி. நம்ம சாண்ட்விச் கணக்குதான்.

இதுக்குப் போட்டியா இன்னொரு வம்சம் வளர்ந்துச்சு. டஃபன்ட் கண்ணாடி. ஒத்தைக் கண்ணாடியை 600 டிகிரிக்கு மேல சூடாக்கி, ரெண்டு பக்கமும் குளிர்ந்த காத்தை வேகமா அடிப்பாங்க. மேல்தோல் முதல்ல இறுகிடும். உள்பக்கம் அப்புறமா ஆறிச் சுருங்கும்போது மேல்தோலை இழுத்து அமுக்கி வெச்சுக்கும். இப்படி அமுங்கின தோல் லேசுல விரிசல் விடாது. சின்னக் கல்லு பட்டா ஒண்ணும் ஆகாது. ஆனா ஒரு எல்லையைத் தாண்டி விரிசல் உள்பக்கம் வரைக்கும் போயிட்டா, அடக்கி வெச்ச இழுவிசை மொத்தமும் ஒரே நொடியில விடுபட்டு, கண்ணாடி முழுசும் கற்கண்டு கற்கண்டா நொறுங்கிடும். இப்பவும் காரோட பக்கவாட்டுக் கண்ணாடி இப்படித்தான்.

ஒட்டுக் கண்ணாடியை விட இது விலை கம்மி. அதனால ஐரோப்பாவுல ரொம்ப வருஷம் முன் கண்ணாடியே டஃபன்ட் தான். நம்ம ஊர்லயும் 1980-கள் வரைக்கும் ரோட்டுல ஓடின வண்டிகள்ல இதுதான் சர்வ சாதாரணம்.

இங்கதான் எங்கப்பா ஜெயிக்கிறார். அவர் சொன்னது நிஜம். அந்தக் காலத்துக் கண்ணாடி சும்மா சும்மா சில்லு தெறிக்காது. ஒண்ணுமே ஆகாது, இல்லைன்னா எல்லாமே போயிடும். நடுவுல எதுவும் கிடையாது.

சட்டமும் நம்ம பேட்டையும்

1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 100-வது விதி கண்ணாடியைப் பத்தினது. விதி வந்து மூணு வருஷம் கழிச்சுத் தயாராகுற வண்டிகளுக்கு முன் கண்ணாடி ஒட்டுக் கண்ணாடியாத்தான் இருக்கணும்னு அதுல எழுதி வெச்சாங்க (டூவீலருக்கும் டிராக்டருக்கும் விலக்கு). 1999-ல வந்த திருத்தம் ஐஎஸ் 2553 தரத்தையும் சேர்த்து இதை இன்னும் இறுக்குச்சு.

நம்ம பேட்டை கார் பேட்டையானதும் சரியா அந்தச் சமயத்துலதான். 1998-ல திருவள்ளூர் பக்கத்துல இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில மிட்சுபிஷி லான்சர் வெளிய வந்துச்சு. அதே வருஷம் இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாய் சான்ட்ரோ. 2000-ல ஸ்ரீபெரும்புதூர்ல செயின்ட் கோபெய்ன் கண்ணாடி ஆலை. உருக்கின தகரத்து மேல கண்ணாடிக் குழம்பை மிதக்க விட்டுத் தகடாக்குற, பில்கிங்டன் 1950-கள்ல கண்டுபிடிச்ச முறை அங்க ஓடுது. இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டுக்குள்ள அசாஹி இந்தியாவோட கார் கண்ணாடி ஆலையும் இருக்கு. 2010-ல ஒரகடத்துல ரெனோ-நிசான். அதாவது, என் வயசு ஆளுங்க கார் ஓட்டப் பழகின காலத்துல டஃபன்ட் முன் கண்ணாடி கிட்டத்தட்ட காணாமப் போயிடுச்சு. நமக்குத் தெரிஞ்சது எல்லாம் சில்லு தெறிக்கிற கண்ணாடி மட்டும்தான்.

ஒரு வேடிக்கை பாருங்க. இத்தனை ஆலை, இத்தனை அப்பார்ட்மென்ட், வண்டலூர்-மீஞ்சூர் வெளிவட்டச் சாலை, எல்லாத்துக்கும் ஜல்லியும் எம்-சாண்டும் சவுடு மண்ணும் வேணும். அது எல்லாம் டிப்பர்லதான் வரணும். கும்மிடிப்பூண்டி பக்கம் போனா இரும்பு லோடு வேற. கண்ணாடி செய்யற பேட்டையும் அதே, கண்ணாடியை உடைக்கிற பேட்டையும் அதே. எங்க ஊர்ல பூசலார் நாயனார்னு ஒருத்தர் இருந்தார். ஒரு கல்லு கூட இல்லாம மனசுக்குள்ளயே சிவனுக்குக் கோயில் கட்டினவர்னு பெரிய புராணம் சொல்லுது. மத்த எல்லாரும் கல்லை வெச்சுத்தானே கட்டுறோம், லாரி வரத்தான் செய்யும்.

யார் குற்றவாளி?

இப்ப அந்தத் தீர்ப்புகளை எல்லாம் ஒண்ணொண்ணா பார்த்துடலாம்.

'கண்ணாடி அப்பளம்': பாதி உண்மை. எடையைக் குறைக்க கண்ணாடி வருஷத்துக்கு வருஷம் மெலிஞ்சுகிட்டே வந்திருக்கு. ஆனா முக்கிய காரணம் தடிமன் இல்லை. ஒட்டுக் கண்ணாடியோட வெளி அடுக்கு டஃபன்ட் பண்ணாத, மெதுவா ஆற வெச்ச கண்ணாடி. மேல்தோல்ல அந்த அமுக்கம் கிடையாது. அதனால சின்னக் கல்லுக்கும் பேரும். தரச் சோதனையும் சில்லைப் பத்திக் கவலைப்படுறதில்லை. பல நாடுகள் பின்பற்றுற ஐ.நா.வோட 43-வது வாகன விதியில, 2.26 கிலோ இரும்புக் குண்டை 4 மீட்டர் உயரத்துல இருந்து போடுவாங்க. 5 நொடிக்குள்ள அது கண்ணாடியைத் துளைச்சுகிட்டு வெளிய வரக்கூடாது. கண்ணாடி விரிசல் விட்டா பரவாயில்லை, வழி விடக்கூடாது. பரீட்சையே அதுக்குத்தான்.

'சாய்வா இருக்கு': இது தப்பு. நேரா நிமிர்ந்த கண்ணாடியில கல்லு முழு வேகத்தோட மோதும். சாய்ஞ்ச கண்ணாடியில சறுக்கிகிட்டுப் போகும், அடி குறையத்தான் செய்யும்.

'ஏசி': ஏசி சில்லு போடாது. ஆனா இருக்குற சில்லை நீட்டிடும். 1920-கள் தொடக்கத்துல கிரிஃபித்னு ஒரு ஆங்கிலேயப் பொறியாளர் கண்டுபிடிச்ச விஷயம் இது. கண்ணாடியோட பலத்தைத் தீர்மானிக்கிறது அதுல இருக்குற நுண்ணிய வெடிப்புகள்தான். விசை மொத்தமும் அந்த வெடிப்போட நுனியில போய்க் குவியும். கொதிக்கிற கண்ணாடியில உள்பக்கம் மட்டும் ஜில்லுன்னு காத்து பட்டா, அந்த நுனி இழுபடும். ஈரம் உள்ள போனா இன்னும் வேகமா ஓடும். குண்டும் குழியுமான ரோட்டுல வண்டி உடம்பு முறுக்கிக்கிறப்பவும் அப்படியே. அந்தக் காலத்துல கண்ணாடி ரப்பர் பீடிங்குல உக்காந்திருக்கும். இப்ப பசை போட்டு உடம்போடயே ஒட்டிடுறாங்க, அதனால முறுக்கு நேரா கண்ணாடிக்கு வருது.

நிஜக் குற்றவாளி ரெண்டு பேர். ஒண்ணு, தார்ப்பாய் மூடாத, தளும்பத் தளும்ப ஏத்தின லோடும், லாரியோட இரட்டை டயர் இடுக்குல சிக்கி வர்ற கல்லும். 2019 திருத்தச் சட்டப்படி அதிக பாரத்துக்கு 20,000 ரூபாயும், கூடுதலா இருக்குற ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். சட்டம் இருக்கு, சி.டி.எச். ரோட்டுல நிக்கிற ஜல்லியும் இருக்கு.

ரெண்டாவது குற்றவாளி... நாந்தான். 5 கிராம் ஜல்லி 100 கி.மீ. வேகத்துல மோதினா ஆற்றல் சுமார் 1.9 ஜூல். அதுவே 50 கி.மீ.ன்னா அரை ஜூல்கூட இல்லை. வேகம் பாதியானா அடி கால்வாசியாகும். மூணு தடவையும் நான் டிப்பர் பின்னாடி ஒட்டிகிட்டு, எப்ப முந்தலாம்னு துடிச்சுகிட்டு இருந்தேன்.

சில்லு விழுந்தா என்ன பண்ணணும்னு கேக்குறவங்களுக்கு: முதல் வேலையா தெளிவான டேப் ஒட்டுங்க, தண்ணியும் தூசியும் உள்ள போகக் கூடாது. ஒரு ரூபாய்க் காசு அளவுக்குள்ள இருந்தா, கீறல் ஓடுறதுக்கு முன்னாடி பிசின் ஏத்தி சரி பண்ணிடலாம். டிரைவர் கண்ணுக்கு நேரா இருந்தாலோ கீறல் ஓரம் வரைக்கும் போயிட்டாலோ மாத்துறதுதான் நல்லது. மாத்தும்போது மூலையில தர முத்திரை இருக்கான்னு பாருங்க. பசை காயுறதுக்குச் சொன்ன நேரம் வரைக்கும் வண்டியை எடுக்காதீங்க.

பெரியப்பா

இந்தப் பதிவை இதோட முடிச்சிருப்பேன். போன ஞாயித்துக்கிழமை பெரியப்பாவைப் பார்க்கப் போனேன்.

பெரியப்பா டாக்ஸி ஓட்டினவர். நான் பொறக்குறதுக்கு முன்னாடியே விட்டுட்டார். எனக்குத் தெரிஞ்சு அவர் ஸ்டேஷன் பக்கத்துல பெட்டிக்கடைதான் வெச்சிருந்தார். அவருக்கு இடது கண்ணு தெரியாது. சின்ன வயசுல இருந்து பார்த்துப் பழகினதால ஏன்னு நான் கேட்டதே இல்லை. 'ஆக்சிடென்ட்'னு வீட்டுல சொல்லுவாங்க, அவ்வளவுதான். அன்னிக்குத்தான் கேட்டேன்.

"87-ல. திருத்தணிக்கு சவாரி போயிட்டு ராத்திரி திரும்பி வர்றேன். திருவள்ளூர் தாண்டி முன்னாடி ஒரு லாரி. ஒரு கல்லுதான்டா வந்துச்சு, கோலிகுண்டு அளவு கூட இருக்காது. கண்ணாடி அப்படியே பால் கொட்டின மாதிரி வெள்ளையாப் போச்சு. எதிர்ல ஒண்ணும் தெரியலை, பின்னாடி குழந்தைங்க வேற இருக்கு. அப்பல்லாம் பழைய டிரைவருங்க சொல்லிக் குடுத்திருப்பாங்க, கையால குத்தி ஓட்டை போடு, வழி தெரியும்னு. குத்தினேன். வண்டி ஓடுற காத்துல அத்தனையும் மூஞ்சிக்கு வந்துடுச்சு."

வண்டியை ஓரம் கட்டி நிறுத்துற வரைக்கும் ஒரு கண்ணாலதான் பார்த்தாராம். பின்னாடி இருந்த யாருக்கும் ஒண்ணும் ஆகலை. அதைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் நிமிர்ந்துச்சு.

வாசல்ல நின்ன என் காரைக் காட்டினேன். மூணு சில்லையும் வெளிப்பக்கம் தடவிப் பார்த்தார். அப்புறம் கதவைத் திறந்து டிரைவர் சீட்டுல உக்காந்தார். அவர் அந்தப் பக்கம் உக்காந்து நான் பார்த்ததே இல்லை. உள்பக்கமா அதே இடத்துல விரலை வெச்சு மெதுவா தடவினார். திரும்பத் திரும்பத் தடவினார்.

"என்னடா இது, உள்ள வழவழன்னு இருக்கு?"

"ரெண்டு கண்ணாடி பெரியப்பா. நடுவுல பிளாஸ்டிக். வெளிய இருக்குறதுதான் அடி வாங்கும். உள்ளது அப்படியே நிக்கும்."

கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம், "சில்லு விழுந்துட்டுப் போகட்டும் விடு"ன்னுட்டு இறங்கிட்டார்.

ரெண்டு சில்லை சரி பண்ணிட்டேன். மூணாவது ஓரத்துல இருக்கு, அடுத்த வாரம் கண்ணாடியே மாத்தணும். மெக்கானிக் அண்ணன் பில்லைச் சொன்னப்ப வழக்கம்போல புலம்ப வாயெடுத்தேன், புலம்பலை. இப்ப டிப்பரைப் பார்த்தா நல்லா இடைவெளி விட்டுத்தான் போறேன். பின்னாடி வர்றவர் ஹாரன் அடிச்சா அடிக்கட்டும்.

நீங்களும் இன்னிக்கு ராத்திரி டார்ச் எடுத்துகிட்டு உங்க வண்டிக் கண்ணாடியைப் பாருங்க. எத்தனை குத்து இருக்குன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. பக்கத்து வீட்டு வண்டியைப் பார்க்குறதா இருந்தா மட்டும், முதல்ல அவர்கிட்ட சொல்லிட்டுப் பாருங்க :-)